மகளின் எம்.எஸ்ஸி. படிப்புக்கு நகையை அடகு வைக்கலாமா?

கேள்வி: என் மகள் பி.எஸ்ஸி. வேதியியல் முடித்துவிட்டாள். காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்ஸி. படிக்க இடம் கிடைத்திருக்கிறது. நான் வீட்டில் தையல் வேலை செய்கிறேன், கணவர் லோடு வண்டி ஓட்டுகிறார். விடுதி, மெஸ் எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 80,000 ரூபாய் ஆகும் என்று குத்துமதிப்பாகக் கணக்குப் போட்டோம். அதில் மெஸ் மட்டும் 35,000. கையில் 50,000 இருக்கிறது. அவள் பேரில் 2015-ல் தொடங்கிய செல்வமகள் சேமிப்புக் கணக்கில் மார்ச் கடைசியில் 2,60,000 இருந்தது. கணவர், "அதைத் தொடாதே, கல்யாணத்துக்கு ஆகும். நாலு பவுனை அடகு வைப்போம், பிள்ளை தினமும் வீட்டிலிருந்து போய்வரட்டும்" என்கிறார். கல்விக்கடன் வாங்கலாம் என்று என் தம்பி சொல்கிறான். டிகிரி படித்தபோது மத்திய அரசு உதவித்தொகை ஆண்டுக்கு 12,000 வந்தது, அதுவும் முடிந்துவிட்டது. மடிக்கணினி வேறு கேட்கிறாள். என்ன செய்யலாம்?
- வாசகி, மானாமதுரை

பதில்: வணக்கம் சகோதரி. முதலில் மகளுக்கு என் வாழ்த்துகள். நீங்கள் அடகுக் கடைக்கும் போக வேண்டாம், கடனும் வாங்க வேண்டாம். உங்களிடம் இருக்கும் பணத்திலேயே இந்த இரண்டு ஆண்டுகளையும் ஓட்டிவிடலாம். எந்தப் பணத்தை எந்தச் செலவுக்கு எடுப்பது என்பதைத்தான் முடிவு செய்ய வேண்டும்.

தினமும் போய்வரும் யோசனையை முதலில் பார்ப்போம், ஏனென்றால் அதுதான் என்னைக் கவலைப்படுத்துகிறது. மானாமதுரையிலிருந்து காரைக்குடி சுமார் 60 கிலோமீட்டர். போக வர நாளைக்கு மூன்று, நான்கு மணி நேரம் பஸ்ஸிலேயே போய்விடும். பெண்களுக்கு இலவசம் என்பது நகரப் பேருந்துக்குத்தான், வெளியூர் பஸ்ஸில் டிக்கெட் எடுத்தாக வேண்டும். மெஸ் காசு மிச்சம் என்பதும் பாதிதான் உண்மை, வீட்டில் இருந்தாலும் அவள் சாப்பிடத்தானே வேண்டும்? வேதியியல் என்றால் லேப் உண்டு. ஒரு சோதனை மணிக்கணக்கில் நீளும், கடைசி பஸ்ஸுக்காக அதைப் பாதியில் விட்டுவிட்டு வர முடியாது. பொதுவாக 75 சதவீத வருகை இருந்தால்தான் செமஸ்டர் தேர்வு எழுத விடுவார்கள். அதற்குக் கீழே போனால் அபராதம் கட்ட வேண்டிவரும், ரொம்பக் குறைந்தால் தேர்வே எழுத முடியாது. ஒரு செமஸ்டர் தள்ளிப்போனால் ஆறு மாதச் சம்பளம் போகும். விடுதியில் மிச்சம் பிடிப்பதைவிட அது பெரிய தொகை. விடுதியில் சேருங்கள்.

காரைக்குடியில் அவளுக்கு இன்னொரு வசதியும் இருக்கிறது. மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் அதே ஊரில்தான் இருக்கிறது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1953-ல் திறக்கப்பட்ட நிறுவனம் அது. வேதியியல் படிக்கும் பெண்ணுக்குக் கூப்பிடு தூரத்தில் ஒரு தேசிய ஆய்வகம் இருப்பது சின்ன விஷயமில்லை. கருத்தரங்கம், புராஜெக்ட் வாய்ப்பு என்று எதைக் கேள்விப்பட்டாலும் விடுதியில் இருக்கும் பெண்ணால் போய் எட்டிப் பார்க்க முடியும். மாலை பஸ்ஸைப் பிடிக்க ஓடும் பெண்ணால் முடியாது.

சரி, பணத்துக்கு வருவோம். செல்வமகள் கணக்கைத் தொடக்கூடாது என்று உங்கள் கணவர் சொல்வதில் உள்ள அக்கறை எனக்குப் புரிகிறது. ஆனால் அந்தத் திட்டத்தின் விதியே மேற்படிப்புக்குப் பணம் எடுக்க வழி வைத்திருக்கிறது. பெண்ணுக்கு 18 வயது ஆனபிறகு, முந்தைய நிதியாண்டின் முடிவில் இருந்த இருப்பில் பாதி வரை எடுக்கலாம். உங்கள் கணக்கில் அது 1,30,000. ஆண்டுக்கு ஒரு தவணையாக, ஐந்து ஆண்டுகள் வரை பிரித்தும் எடுக்கலாம். கட்டணச் சீட்டில் இருக்கும் தொகைக்கு மேல் கிடைக்காது. எனவே மெஸ் போக மீதியுள்ள கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் ஆகியவற்றுக்காக இந்த ஆண்டு 45,000, அடுத்த ஆண்டு 45,000 எடுங்கள். மீதி 1,70,000 அங்கேயே வளரட்டும். 2024 ஜனவரி முதல் அதற்கு 8.2 சதவீத வட்டி, வருமான வரியும் கிடையாது. தொடங்கியதிலிருந்து 15 ஆண்டுகள் வரை, வருடம் குறைந்தது 250 ரூபாயாவது கட்டிவர மறக்காதீர்கள்.

இரண்டு வருட மெஸ் 70,000. கையிலிருக்கும் 50,000 அதற்குத்தான். பாக்கிக்கு உதவித்தொகை இருக்கிறது. அது முடிந்துவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். முடியவில்லை, சகோதரி! பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணை வைத்துத் தரும் அந்த மத்திய அரசு உதவித்தொகை முதுகலையிலும் தொடரும், அதுவும் ஆண்டுக்கு 20,000 ரூபாயாக. தேசிய உதவித்தொகைத் தளத்தில் காலக்கெடுவுக்குள் அவள் புதுப்பிக்க வேண்டும். அதற்கும் 50 சதவீத மதிப்பெண்ணும் 75 சதவீத வருகையும் வேண்டும். வேறு உதவித்தொகை வாங்குபவர்களுக்கு இது கிடையாது என்பதால் மாநில அரசு உதவித்தொகைக்கும் சேர்த்து விண்ணப்பிக்க வேண்டாம். பணம் தாமதமாகத்தான் வரும், அதை நம்பி ஜூலைக் கட்டணத்துக்குக் காத்திருக்காதீர்கள். அவள் வங்கிக் கணக்கு ஆதாருடன் இணைந்திருக்கிறதா என்று இந்த வாரமே வங்கியில் கேட்டுவிடுங்கள். அது இல்லாமல் பணம் திரும்பிப் போன கதைகள் எனக்கு வரும் கடிதங்களில் நிறைய.

மெஸ் பற்றி இன்னும் கொஞ்சம், ஏனென்றால் கணக்கு கைமீறிப் போவது பெரும்பாலும் இங்கேதான். நம் ஊர் விடுதிகள் பலவற்றில் டிவைடிங் முறை. மாதச் செலவை மொத்தமாகக் கூட்டி, சாப்பிட்டவர்கள் தலைக்கு வகுப்பார்கள். அதனால் பில் மாதத்துக்கு மாதம் மாறும். பாதிப் பேர் ஊருக்குப் போன மாதத்தில், இருந்தவர்கள் தலையில் கூடுதலாகவும் விழலாம். சேரும் அன்றே சீனியர் பெண்கள் இரண்டு பேரிடம் கடைசி மூன்று மாத பில்லைக் கேட்டுப் பாருங்கள், உங்கள் 35,000 சரியா என்று தெரிந்துவிடும். ஊருக்கு வரும்போது எத்தனை நாளைக்கு முன்னால் எழுதிக்கொடுத்தால் மெஸ் பில்லில் தள்ளுபடி கிடைக்கும் என்பதையும் வார்டனிடம் கேளுங்கள். மெஸ் பாக்கி இருந்தால் ஹால் டிக்கெட்டை நிறுத்திவைக்கும் விடுதிகள் உண்டு. சேரும்போது கட்டும் காப்புத் தொகையின் ரசீதை மட்டும் பத்திரமாக எடுத்து வையுங்கள். படிப்பு முடிந்ததும் திரும்ப வரவேண்டிய பணம் அது, பல பிள்ளைகள் கேட்காமலே வந்துவிடுகிறார்கள்.

நகைக்கடன் ஒரே நாளில் கிடைக்கும், உண்மைதான். ஆனால் பொதுவாக ஓராண்டுக்குள் வட்டியைக் கட்டி மறு அடகு வைக்க வேண்டும். உங்கள் மகள் சம்பாதிக்க இன்னும் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆகும், அதுவரை அந்த வட்டி உங்கள் தையல் கூலியிலிருந்துதான் போகும். நகை பெட்டியிலேயே இருக்கட்டும், வீட்டில் யாருக்காவது உடம்புக்கு முடியாமல் போனால் அது வேண்டும்.

உங்கள் தம்பி சொல்வது தவறில்லை. ஏதாவது காரணத்தால் கணக்கு இடித்தால் நகைக்கு முன்னால் கல்விக்கடனைத்தான் நானும் சொல்வேன். வங்கிகளின் மாதிரித் திட்டப்படி 4 லட்சம் வரை சொத்துப் பிணையோ நம் பங்குப் பணமோ வேண்டாம், படிப்பு முடிந்து ஓராண்டு வரை தவணை கட்ட வேண்டியதும் இல்லை. ஆனால் அந்தக் காலத்துக்கும் வட்டி ஏறிக்கொண்டே இருக்கும். குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள் இருந்து, பல்கலைக்கழகமும் பட்டியலில் இருந்து, வேறு அரசு உதவித்தொகை வாங்காமலும் இருந்தால் பிரதமர் வித்யாலட்சுமி திட்டத்தில் 3 சதவீத வட்டி மானியத்துக்கு விண்ணப்பிக்கலாம். இப்போதைக்குத் தேவையில்லை என்பதுதான் என் எண்ணம். எம்.எஸ்ஸி. முடித்ததும் அவள் கல்லூரி ஆசிரியர் பணிக்கான நெட் தகுதித் தேர்வுக்குப் படிக்கலாம், பி.எட். சேரலாம், ஆராய்ச்சிக்குப் போகலாம். ஜே.ஆர்.எஃப். என்ற இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய் வரும். கடன் தவணைக்காகக் கிடைத்த முதல் வேலையில் அவள் ஒட்டிக்கொள்ளும் நிலை வேண்டாம்.

மடிக்கணினி முதல் செமஸ்டருக்கே வேண்டும் என்பதில்லை, துறையிலும் நூலகத்திலும் கணினி இருக்கும். உதவித்தொகை சரியாக வந்தால் மெஸ் போக 20,000 மிஞ்சும். புராஜெக்ட் தொடங்கும் முன் அதில் நல்ல பழைய கணினி ஒன்று வாங்கிக்கொடுங்கள். இ.எம்.ஐ.யில் வேண்டாம்.

கடைசியாக ஒன்று. 18 வயது ஆனபிறகு செல்வமகள் கணக்கை நடத்துபவர் உங்கள் மகள்தான், நீங்கள் அல்ல. எனவே கணக்கு இருக்கும் அஞ்சலகத்துக்கோ வங்கிக்கோ நீங்கள் மட்டும் போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். பாஸ்புக், சேர்க்கைக் கடிதம், கட்டணச் சீட்டு, ஆதார், பான் எல்லாவற்றோடும் அவளையே அழைத்துப் போங்கள். கையெழுத்து மாற்றம், ஆவணச் சரிபார்ப்பு என்று சில நாள் இழுக்கலாம். கட்டணம் கட்டக் கடைசித் தேதிக்குப் பத்து நாளாவது முன்னால் போய்விடுங்கள்.