ஜமைக்காவுக்கு வந்த புயல் பணம் கோத்தா திங்கி கடைக்கு வருமா?

கேள்வி: கோத்தா திங்கியில் மளிகைக் கடை வைத்திருக்கிறேன். ஊருக்கு வெளியே மூன்று ஏக்கர் செம்பனையும் உண்டு. வெள்ளம் ஏறினால் அரிசி மூட்டையிலிருந்து ஃப்ரீசர் வரை எல்லாம் போய்விடும். இழப்பீடு கேட்டால் மதிப்பீட்டாளர் வர வேண்டும், பில் காட்ட வேண்டும், மாதக்கணக்கில் இழுக்கிறது. ஜமைக்காவில் புயல் அடித்த கொஞ்ச நாளிலேயே காப்புறுதிப் பணம் வந்துவிட்டதாம், சேதத்தை யாரும் வந்து பார்க்கவே இல்லையாம். அப்படி ஒன்று எனக்குக் கிடைக்குமா? நம் அரசாங்கம் எடுத்தால் எனக்குப் பங்கு உண்டா?

பதில்: நீங்கள் கேள்விப்பட்டது உண்மைதான். ஆனால் அந்தக் காப்புறுதியை எடுத்தது ஜமைக்கா அரசாங்கம். பணம் போனதும் அரசாங்கக் கருவூலத்துக்குத்தான். அங்கே கடை வைத்திருப்பவர் கையில் அது நேராக வராது. நாளைக்கு மலேசியா எடுத்தாலும் கதை இதுதான். சாலையைச் சீர்படுத்த, நிவாரண மையம் நடத்த, உதவித்தொகை கொடுக்க அரசாங்கத்துக்குக் கையில் ரொக்கம் இருக்கும். இப்போது வெள்ளத்தில் இடம்பெயர்ந்த குடும்பத்துக்கு ‘வாங் இஹ்சான்’ என்று 1,000 ரிங்கிட் தருகிறார்களே, அப்படி ஏதாவது ஒரு வழியில்தான் உங்களை வந்து சேரும்.

இதற்குப் பெயர் பாராமெட்ரிக் காப்புறுதி. சேதம் எவ்வளவு என்று யாரும் நேரில் வந்து எண்ணுவதில்லை. காற்று வேகம், மழையளவு, காற்றழுத்தம் போன்ற ஓர் அளவை ஒப்பந்தத்தில் எழுதி வைத்துவிடுவார்கள். இயற்கை அந்த அளவைத் தாண்டினால் பணம், தாண்டாவிட்டால் ஒரு காசும் கிடையாது. 2004இல் ஐவன் புயல் கிரெனடாவின் ஓராண்டு உற்பத்தியைப் போல் இரு மடங்குக்கு நாசம் செய்தது. அதற்குப் பிறகுதான் கரீபிய நாடுகள் சேர்ந்து 2007இல் சிசிஆர்ஐஎஃப் என்ற பொது நிதியத்தைத் தொடங்கின. புயலின் பாதையையும் வேகத்தையும் கணினியில் போட்டு நட்டத்தைக் கணக்கிட்டு, 14 நாளுக்குள் பணம் கொடுத்துவிடுவார்கள்.

வேகம்தான் இதன் பெரிய குணம். தொகையை வைத்து இதை எடை போடக் கூடாது. 2025 அக்டோபரில் மெலிசா புயல் தாக்கியபோது, இந்த நிதியத்தின் புயல் பாலிசியிலிருந்து ஜமைக்காவுக்கு 7 கோடியே 8 லட்சம் அமெரிக்க டாலர் வந்தது. உலக வங்கி மூலம் வெளியிட்ட பேரிடர்ப் பத்திரத்திலிருந்து (பேரிடர் வரம்பைத் தாண்டினால் முதலீட்டாளர்கள் போட்ட பணம் அரசாங்கத்துக்குப் போகும் பத்திரம்) 15 கோடி டாலர். கேட்கப் பெரிதாகத்தான் இருக்கிறது. ஆனால் நேரடிச் சேதம் 880 கோடி டாலர் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். நூற்றுக்கு மூன்று கூடத் தேறவில்லை.

அதே பத்திரம் 2024 ஜூலையில் பெரில் புயலுக்கு ஒரு டாலர்கூடத் தரவில்லை. கூரை பறந்தது, தோட்டம் அழிந்தது, எல்லாம் நடந்தது. ஆனால் அந்தப் பத்திரம் பார்ப்பது புயல் மையத்தின் காற்றழுத்தத்தை. ஒப்பந்தத்தில் எழுதியிருந்த அளவுக்கு அது இறங்கவில்லை. ஏமாற்று வேலை என்று சிலர் கொதித்தார்கள். என் கணக்கில் அது ஏமாற்று இல்லை. வாங்கியது அந்தச் சரக்கு, அவ்வளவுதான். வரம்பைத் தளர்த்தி வைத்திருக்கலாம், பிரீமியம் ஏறியிருக்கும்.

இன்னொரு விஷயம்: அந்த நிதியத்தின் புயல் பாலிசி காற்றையும் கடல் பொங்குவதையும்தான் பார்க்கும். கனமழைக்குத் தனிப் பாலிசி எடுக்க வேண்டும். நமக்கு இது முக்கியம். ஜொகூருக்குப் புயலே வராது என்று சொல்ல முடியாது, 2001 டிசம்பரில் வாமெய் வந்தது. ஆனாலும் உங்கள் ஊரை மூழ்கடிப்பது பருவமழைதான். 2006 டிசம்பரில் ஏறிய தண்ணீர் 2007 ஜனவரியில் மறுபடி ஏறியதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. காற்று வேகத்தைப் பார்க்கும் பாலிசி அங்கே எதற்கு உதவும்?

சரி, கடைக்கு என்ன செய்வது? பழைய முறைப் பாலிசிதான். உங்கள் தீக் காப்புறுதியை எடுத்துப் பாருங்கள், வெள்ளம் தனியாகச் சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று. அடிப்படைப் பாலிசியில் அது இருக்காது. வேனுக்கும் அப்படித்தான், தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். சரக்கின் மதிப்பைக் குறைத்துக் காட்டாதீர்கள். 1 லட்சம் ரிங்கிட் சரக்கை 50,000 என்று எழுதியிருந்தால், 20,000 நட்டத்துக்கு ஏறக்குறைய 10,000தான் கைக்கு வரும். தீபாவளிக்கு முன் சரக்கு நிறையும் நேரத்தில் பெரும்பாலோர் மாட்டிக்கொள்வது இங்கேதான். சப்ளையர் பில்களைப் படம் பிடித்துக் கைப்பேசியிலேயே வைத்திருங்கள்.

கடைப் பாலிசி செம்பனையைத் தொடாது. பாராமெட்ரிக் முறை பொருந்துகிற இடம் உண்மையில் அதுதான். இரண்டு மூன்று நாள் தண்ணீர் நின்றால் வளர்ந்த மரம் சாகாது. பாதை அறுந்து, குலை வெட்ட முடியாமல், பழம் உதிர்ந்து அழுகும். மதிப்பீட்டாளர் வந்து பார்க்கும்போது மரம் பச்சையாக நிற்கும், நட்டத்தை எதைக் காட்டி நிரூபிப்பது? மூன்று ஏக்கருக்குத் தனியாக யாரும் எழுதித் தர மாட்டார்கள். சிறுதோட்டக்காரர்கள் கூட்டுறவாகச் சேர்ந்தால் பேசிப் பார்க்கலாம்.

அப்படி ஒரு பாராமெட்ரிக் பாலிசியை யாராவது விற்க வந்தால் சிற்றேட்டைப் படித்து நேரம் போக்க வேண்டாம். எந்த இடத்து மழைமானி என்று முதலில் கேளுங்கள். உங்கள் வெள்ளம் பாதி ஆற்றின் மேற்பகுதியிலிருந்து வருவது. லிங்கியூ, சாயோங் பக்கம் கொட்டினால் ஊரில் தூறல் மட்டும் இருந்தாலும் ஜொகூர் ஆறு கரை ஏறும், கடல் ஏற்றமும் சேர்ந்தால் வடிய இடமிருக்காது. ஊர் மழைமானியை மட்டும் நம்பி எழுதிய பாலிசியில் கடை முழுகிக் கிடக்கும்போது கணக்கு ‘வரம்பு தாண்டவில்லை’ என்று சொல்லும். ஜேபிஎஸ்ஸின் (வடிகால், நீர்ப்பாசனத் துறை) ஆற்று நீர்மட்ட அளவை வைத்து எழுதச் சொல்லிக் கேளுங்கள், அதுவே மேல்.

அப்புறம், எத்தனை நாள் மழையைக் கூட்டுகிறார்கள்? ஒரு நாள் மழைக்கு வரம்பு வைத்தால், ஐந்து நாள் விடாமல் பெய்யும் நம் பருவமழை அதைத் தொடாமலே ஊரை மூழ்கடித்துவிடும். பணம் படிப்படியாக வருமா, ஒரே வெட்டாகவா என்பதும் முக்கியம். உதாரணத்துக்கு 300 மில்லிமீட்டர் வரம்பு என்றால் 298க்குச் சுழியமா, அல்லது 250லிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகத் தொடங்குமா? ஒரே வெட்டு மலிவாகத்தான் இருக்கும், நான் வாங்கமாட்டேன்.

வெள்ளத்தில் அளவுக் கருவியே பழுதாகிவிட்டால் எந்த நிலையத்தின் கணக்கை எடுப்பார்கள் என்றும் கேளுங்கள். வாயால் சொன்னால் போதாது, அந்த நிலையத்தின் பெயர் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும்.