இரவுச் சாப்பாடு ஆர்டருக்கே 11,000 ரூபாய்... எஸ்ஐபி-க்குப் பணம் நிற்பதில்லை!

கேள்வி: நானும் கணவரும் வேலைக்குப் போகிறோம். கோவையில் வாடகை வீடு. இருவருக்கும் சேர்த்துக் கைக்கு வருவது 58,000 ரூபாய். 5,000 ரூபாய்க்கு எஸ்ஐபி (மாதாமாதம் மியூச்சுவல் ஃபண்டில் போடும் முதலீடு) ஆரம்பித்தோம். 20-ம் தேதி கணக்கில் பணம் இல்லாமல் இரண்டு மாதமாகத் திரும்பிவிட்டது. இரவில் ஆர்டர் செய்வதற்கு மட்டும் மாதம் 11,000 ரூபாய் போகிறது. களைத்து வருவதால் சமைக்கத் தெம்பில்லை. என்ன செய்வது?

பதில்: முதலில் அந்த எஸ்ஐபி-யை நிறுத்துங்கள். ஒவ்வொரு முறை திரும்பும்போதும் வங்கி அபராதமும் ஜிஎஸ்டி-யும் பிடிக்கும். தொடர்ந்து மூன்று தவணை தவறினால் பொதுவாக எஸ்ஐபி-யே ரத்தாகிவிடும்.

அடுத்தது சாப்பாடு. மாதம் 11,000 என்றால் ஓர் இரவுக்குச் சுமார் 365 ரூபாய். அதில் வாரத்துக்கு நான்கு இரவை மட்டும் வீட்டுக்கு மாற்றுங்கள், போதும். ஏழு நாளும் சமைப்போம் என்று கிளம்பினால் இரண்டாவது வாரமே கைவிட்டுவிடுவீர்கள். அந்த நான்கு நாளும் குழம்பு, கூட்டு, பொரியல் என்று இறங்க வேண்டாம். உங்கள் ஊர் அரிசி பருப்பு சாதம் ஒன்றே வயிற்றை நிறைத்துவிடும்.

இருவருக்கு: புழுங்கல் அரிசி ஒரு டம்ளர் (200 கிராம்), துவரம்பருப்பு 70 கிராம், சின்ன வெங்காயம் பத்து, பூண்டு ஆறு பல், தக்காளி ஒன்று. வீட்டுக்குள் நுழைந்ததும் அரிசியையும் பருப்பையும் சேர்த்துக் கழுவி ஊறவைத்துவிட்டுப் பிறகு முகம் கழுவப் போங்கள். இருபது நிமிடம் ஊறினால் பருப்பு ஒழுங்காக வேகும். பழைய பருப்பென்றால் இன்னும் கொஞ்ச நேரம் விடுங்கள். குக்கரில் நல்லெண்ணெய் விட்டு, கடுகு, சீரகம், மிளகு, வரமிளகாய், கறிவேப்பிலை தாளித்து வெங்காயம், பூண்டு, தக்காளியை வதக்குங்கள். மஞ்சள்தூள், ஒரு ஸ்பூன் சாம்பார்தூள், உப்பு போட்டு, அரிசி அளந்த அதே டம்ளரில் நான்கு டம்ளர் தண்ணீர் ஊற்றுங்கள். கொதி வந்ததும் ஊறிய அரிசியையும் பருப்பையும் போட்டு, கரண்டியால் அடியை நன்றாகச் சுரண்டிவிட்டுத்தான் மூட வேண்டும். அடிப்பிடிப்பதற்குப் பெரும்பாலும் காரணம், வதக்கும்போது ஒட்டிய மசாலாவை அப்படியே விடுவதுதான். மிதமான தீயில் மூன்று விசில். ஆவி தானாக அடங்கட்டும். அதற்கு முன் வெயிட்டைத் தூக்கினால் பருப்பு நறுக்கென்று நிற்கும். திறந்ததும் ஒரு ஸ்பூன் நெய்.

செலவு: அரிசி கிலோ 60, பருப்பு கிலோ 140 என்று வைத்தால் இரண்டுக்கும் 22 ரூபாய். வெங்காயம், பூண்டு, தக்காளி 10. எண்ணெய், நெய் 12. மசாலா, கேஸ் 6. தயிருக்கும் அப்பளத்துக்கும் 15. மொத்தம் 65 ரூபாய். ஓர் இரவுக்கு 300 ரூபாய் மிச்சம். மாதம் 17 இரவுக்கு 5,100. உங்கள் எஸ்ஐபி தொகை இதிலேயே வந்துவிடுகிறது!

இரண்டு நாள் இதைச் செய்து, மற்ற இரண்டு நாள் தோசை சுடலாம். மாவு வீட்டில் அரைத்தால் கிலோவுக்கு 25 ரூபாய் அளவில் முடியும். கடையில் அதைப்போல இரண்டு மடங்கு. இருந்தாலும் கடை மாவே வாங்குங்கள். அந்த இருபத்தைந்து ரூபாயை மிச்சம் பிடிக்கப் போய், மாவு அரைக்காத நாளில் 365 ரூபாய்க்கு ஆர்டர் போடுவதுதான் பெரிய நஷ்டம்.

சிக்கனம் என்ற ஆர்வத்தில் மொத்தமாக வாங்கிக் குவிக்காதீர்கள். ஐந்து கிலோ சிறுதானியம் வாங்கினால், இருவர் உள்ள வீட்டில் தீர்வதற்குள் வண்டு வைத்துவிடும். துவரம்பருப்பு மாதம் ஒரு கிலோ தாராளம். சின்ன வெங்காயம் வாரம் அரை கிலோ போதும். பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்தால் வியர்த்து அழுகும், கூடையில் பரப்பி வையுங்கள்.

மிச்சமானதை அதே கணக்கில் விட்டால் வேறு செலவில் கரைந்துவிடும். சம்பளம் வந்த மறுநாளே 2,500 ரூபாய் பிடிக்கும்படி வங்கியில் ஓராண்டு ஆர்.டி. (மாதாமாதம் ஒரே தொகையைச் சேர்க்கும் தொடர் வைப்பு) தொடங்குங்கள். எடுத்த எடுப்பில் 5,000 வேண்டாம். முதல் மாதம் வாரத்துக்கு இரண்டு இரவு சமைத்தாலே இந்தத் தொகை கிடைத்துவிடும். அது பழகியபின் இன்னொரு 2,500-க்கு இரண்டாவது ஆர்.டி. இரண்டும் முதிரும்போது வட்டியோடு 60,000 ரூபாய்க்கு மேல் இருக்கும். அதை அவசரத் தேவைக்கென்று தனியாக வைத்துவிட்டு, எஸ்ஐபி-யை மறுபடி தொடங்குங்கள். தேதி 20 வேண்டாம், 5-ம் தேதிக்குள் வையுங்கள்.