காட் முடித்துவிட்டுப் போனாரா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

கோவையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் நான்கு வருடமாக டேட்டாபேஸ் வேலை பார்க்கிறேன். வயது 27. தரவை எப்படி வகுத்து அமைப்பது என்று ஆராயும் டேட்டா மாடலிங் கோட்பாட்டில் பிஎச்.டி. செய்ய வேண்டும் என்று ஆசை. என் டீம் லீட், “அதையெல்லாம் 1970லேயே காட் முடித்துவிட்டுப் போய்விட்டார், இனி அதில் என்ன மிச்சம் இருக்கிறது? ஏஐ பக்கம் போ” என்கிறார். வீட்டில், “இந்த வயதுக்கு மேல் படிப்பா?” என்கிறார்கள். கோட்பாட்டை மட்டும் நம்பி ஒருவர் வாழ்க்கையை ஓட்ட முடியுமா? நீங்கள் இந்தத் துறையில் இருந்தவர் என்பதால் கேட்கிறேன்.

க., கோவை

அன்புள்ள க.,

இன்றைய டேட்டாபேஸ்களுக்கு அடிப்படையான ரிலேஷனல் (உறவுமுறை) மாடலை 1970இல் முன்வைத்தவர் காட். உங்கள் டீம் லீட் அந்தப் பெயரை எடுத்ததால் காட்டின் வாழ்க்கையையே பார்த்துவிடலாம்.

எட்கர் காட் 1923இல் இங்கிலாந்தின் போர்ட்லண்ட் தீவில் பிறந்தவர். ஆக்ஸ்ஃபோர்டில் கணிதமும் வேதியியலும் படித்தார். இரண்டாம் உலகப்போரில் விமானி. 1948இல் நியூயார்க் போய் ஐபிஎம்மில் சேர்ந்தார். அமெரிக்க செனட்டர் மெக்கார்த்தியின் கம்யூனிஸ்ட் வேட்டை பிடிக்காமல் 1953இல் கனடாவுக்குப் போனார், சில வருடம் கழித்துத் திரும்பினார். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் வாங்கியபோது நாற்பதைத் தாண்டிவிட்டார். அந்த ஆய்வுக்கும் டேட்டாபேஸுக்கும் சம்பந்தமே இல்லை. கட்டம் கட்டமாக, பக்கத்துக் கட்டங்களைப் பார்த்து நிலை மாறும் கணித மாதிரிக்கு செல்லுலார் ஆட்டோமேட்டா என்று பெயர். தன்னைத்தானே நகலெடுக்கும் அப்படி ஒன்றைக் கணித மேதை ஃபான் நாய்மன் ஒரு கட்டத்துக்கு 29 நிலைகள் வைத்து அமைத்திருந்தார். காட் அதற்கு 8 நிலைகள் போதும் என்று காட்டினார். டேட்டாபேஸ் கட்டுரை 1970 ஜூனில் வந்தபோது அவருக்கு 46 வயது. வீட்டில் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள்.

சரி, அவர் எதை முடித்தார்? அந்தக் கட்டுரையின் முதல் பகுதியில் சின்ன உதாரணம் ஒன்று வரும். உதிரிபாகங்கள், அவற்றைப் பயன்படுத்தும் திட்டங்கள், எந்தத் திட்டத்துக்கு எத்தனை பாகம் ஒதுக்கியிருக்கிறது என்ற எண்ணிக்கை. இவ்வளவுதான் தரவு. இதை அன்றைய முறையில் ஐந்து விதமாக அடுக்கலாம்: பாகத்துக்குக் கீழே திட்டம், திட்டத்துக்குக் கீழே பாகம், இப்படி. கேள்வி ஒன்றே ஒன்று. ‘ஆல்ஃபா’ என்ற திட்டத்துக்கு ஒதுக்கிய பாகங்களின் எண், பெயர், எண்ணிக்கையைக் கொடு. ஒரு வகை அடுக்கை மனதில் வைத்து இதற்கு எழுதிய புரோகிராம், மீதி நான்கில் குறைந்தது மூன்றிலாவது தோற்றுப்போகும் என்கிறார் காட். தரவு மாறவில்லை, கேள்வியும் மாறவில்லை, உள்ளே அடுக்கியிருக்கும் விதம் மட்டும்தான் மாறியது. அதற்காக எல்லாப் புரோகிராமையும் திருத்தி எழுத வேண்டியிருந்தது.

இதற்கு அவர் கண்ட வழி, நம் பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் ‘உறவுகளும் சார்புகளும்’ என்று வருகிறதே, அந்தக் கணிதம். கார்டீசியன் பெருக்கலின் உட்கணம்தான் உறவு; எளிதாகச் சொன்னால், வரிசைகளும் நெடுவரிசைகளும் கொண்ட ஓர் அட்டவணை. தரவை அப்படி உறவுகளாக மட்டும் வெளியே காட்டினால் போதும், உள்ளே எப்படி வைத்திருக்கிறது என்பது மெஷினின் பாடு. பிற்பாடு, டேட்டாபேஸிடம் கேள்வி கேட்கும் எஸ்கியூஎல் மொழியை உருவாக்கிய இருவரில் ஒருவரான டான் சாம்பர்லின், காட்டின் உரையைக் கேட்ட நாளை நினைவுகூர்ந்திருக்கிறார். தனக்குத் தெரிந்த முறையில் ஐந்து பக்கம் புரோகிராம் எழுத வேண்டிய கேள்விகளை காட் ஒரே வரியில் எழுதிக் காட்டினாராம். கோட்பாட்டால் என்ன பயன் என்று யாராவது கேட்டால் எனக்கு இந்த ஐந்து பக்கமும் ஒரு வரியும்தான் ஞாபகத்துக்கு வரும்.

ஆனால் அவருக்கு அது சுலபமான பாதையாக அமையவில்லை. ஐபிஎம் அப்போது ஐஎம்எஸ் என்ற படிநிலை டேட்டாபேஸை நன்றாக விற்றுக்கொண்டிருந்தது, அதற்குப் போட்டியாகத் தன் வீட்டுக்குள்ளேயே ஒன்றை வளர்க்க அவசரப்படவில்லை. ஒரு பதிவிலிருந்து அடுத்த பதிவைக் காட்டும் சுட்டிகளைப் பிடித்துத் தரவுக்குள் பயணிக்கும் முறையின் தந்தை சார்லஸ் பாக்மனுக்கு 1973இல் கணினித் துறையின் உயரிய விருதான டூரிங் விருது கிடைத்தது. மறுவருடம் அமெரிக்காவின் ஆன் ஆர்பர் நகரில் காட்டும் பாக்மனும் ஒரே மேடையில் வாதிட்டார்கள். பிறகு காட்டின் கட்டுரையைப் படித்தவர்கள் ஆரக்கிள் டேட்டாபேஸை 1979இல் விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். ஐபிஎம்மின் முதல் ரிலேஷனல் தயாரிப்பு 1981இல்தான் வந்தது. காட்டுக்கு டூரிங் விருதும் அதே 1981இல். பதினொரு வருடம் ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்ப எழுதி, பேசி, சண்டை போட்டிருக்கிறார். நான் அவரை மதிப்பது முதன்மையாக இதற்காகத்தான்.

இன்னொன்று, தன் வேலை முடிந்துவிட்டதாக அவரே நினைக்கவில்லை. கணத்தில் ஓர் உறுப்பு ஒருமுறைதான் வரும்; அட்டவணையில் ஒரே வரிசை இரண்டு முறை வருவதை எஸ்கியூஎல் அனுமதிப்பது அந்த அடிப்படைக்கே விரோதம் என்று கடைசிவரை கண்டித்தார். அப்புறம் ‘நல்’ என்ற காலி மதிப்பு. நீங்கள் தினமும் பார்ப்பதுதான். வாடிக்கையாளர் அட்டவணையில் ஊர் சென்னை என்று இருப்பவர்களை எடுங்கள். அடுத்து, ஊர் சென்னை இல்லை என்று இருப்பவர்களை எடுங்கள். இரண்டையும் கூட்டினால் மொத்த வாடிக்கையாளர் எண்ணிக்கை வராது. ஊர் காலியாக இருப்பவர் இரண்டு பட்டியலிலும் இல்லை. தர்க்கம் படித்த எவருக்கும் இது உறுத்த வேண்டும். அந்தக் காலி, ‘ஊர் தெரியாது’ என்பதா, ‘அப்படி ஒன்று இவருக்குப் பொருந்தாது’ என்பதா? காட் 1990இல் இரண்டையும் பிரித்து சரி, தவறு, இந்த இரண்டு வகைக் காலி என நான்கு மதிப்புத் தர்க்கத்தையே முன்வைத்தார். அவரோடு நெருக்கமாக வேலை செய்த கிறிஸ் டேட், நல் என்பதே கூடாது என்றார். வழக்கு இன்னும் தீரவில்லை. நான் வேலை பார்த்த ஓர் இடத்தில், காலியாக இருந்த தேதியை ‘இன்னும் நடக்கவில்லை’ என்று ஒரு அறிக்கையும் ‘பதிவு செய்ய மறந்தது’ என்று இன்னொரு அறிக்கையும் எடுத்துக்கொண்டு, மாதக் கணக்கு ஒவ்வொரு முறையும் இடித்தது.

பீட்டர் சென் 1976இல் கொண்டுவந்த என்டிட்டி-ரிலேஷன்ஷிப் (பொருள்களும் அவற்றுக்கிடையிலான தொடர்புகளும்) மாடலும், அட்டவணைக்குள் போவதற்கு முன்னால் உலகத்தை எப்படிப் பிரித்துப் பார்ப்பது என்ற கேள்வியிலிருந்து பிறந்தது. இன்றைக்கு, தரவைப் புள்ளிகளாகவும் அவற்றை இணைக்கும் கோடுகளாகவும் வைக்கும் கிராஃப் டேட்டாபேஸ்களில் அதே கேள்வி மறுபடி வந்திருக்கிறது. அவற்றுக்கான ஜிகியூஎல் மொழி 2024இல்தான் ஐஎஸ்ஓ தரமானது. அவற்றுக்கு ஸ்கீமா (தரவின் வடிவத்தைச் சொல்லும் வரைபடம்) எப்படி இருக்க வேண்டும், ஒன்றை மற்றதிலிருந்து பிரித்து அடையாளம் காட்டும் சாவி என்றால் என்ன என்றெல்லாம் கோட்பாட்டாளர்கள் இப்போதுதான் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறார்கள். ஏஐ பக்கம் போகச் சொல்கிறாரே, அங்கேயும் சாட்ஜிபிடி போன்ற ஒரு மொழிமாதிரியிடம் தமிழில் கேள்வி கேட்டு எஸ்கியூஎல் வாங்கினால், அந்த ஊர்ப் பட்டியல் சிக்கல் அப்படியே உள்ளே வரும்.

பிழைப்பைப் பற்றி ஒளிக்காமல் சொல்கிறேன். ஆராய்ச்சிக் காலம் முழுக்க வருமானம் குறையும். முடித்த பிறகும் வேலை இருப்பது பல்கலைக்கழகங்களிலும் சில பெரிய நிறுவனங்களின் ஆய்வகங்களிலும்தான். இடம் குறைவு, அதற்காக ஊர் மாற வேண்டிவரும். வீட்டில் யாராவது உங்கள் சம்பளத்தை நம்பியிருந்தால் இரண்டு வருடம் சேமித்துவிட்டு வாருங்கள். உங்கள் நான்கு வருட அனுபவம் அதற்குள் பழையதாகிவிடாது. கல்லூரியிலிருந்து நேரே வருகிறவரிடம் இல்லாத சரக்கு அது.

விண்ணப்பிக்கும் முன் ஒரு வேலை செய்யுங்கள். காட்டின் 1970 கட்டுரையைப் பென்சிலோடு படியுங்கள், பன்னிரண்டு பக்கத்துக்குள்தான் இருக்கும். பிறகு இப்போது உங்கள் கையில் இருக்கும் அட்டவணைகளை எடுத்து, காலியாக விட அனுமதித்த ஒவ்வொரு நெடுவரிசைக்கும் நேரே அந்தக் காலிக்கு என்ன அர்த்தம் என்று எழுதுங்கள். இரண்டு அர்த்தம் வருகிறவற்றைத் தனியாகக் குறித்து எனக்கு அனுப்புங்கள். உங்கள் ஆய்வுத் தலைப்பை அங்கிருந்தே பேச ஆரம்பிக்கலாம்.