கடனுக்குத் தீவனம் வாங்கி, மீனை அதே ஆளிடம் விற்பது லாபமா?

மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில் உள்ள நிபோங் திபாலில் சிறு குளங்களில் கெளுத்தி வளர்க்கிறீர்கள். தீவனத்தைத் தவுக்கே (வியாபார முதலாளி) கடனுக்குத் தருகிறார், அறுவடையை அவருக்கே கொடுக்க வேண்டும் என்கிறார். ஏற்கலாமா என்பது கேள்வி.

ஏற்கலாம், ஆனால் கணக்குப் பார்த்துவிட்டு. மீன் வளர்ப்பில் பாதிக்கு மேல் தீவனச் செலவுதான். கெளுத்தி விற்பனைக்கு வர மூன்று, நான்கு மாதம் ஆகும். அதுவரை காசு வராது. வாங்க ஆள் தயாராக இருப்பதும் சிறிய விஷயமல்ல. குளத்தில் மீன் முற்றியபின் ஆள் தேடினால், ஒவ்வொரு நாளும் தீவனம்தான் வீணாகும்.

வட்டி இல்லை என்று சொல்வார்கள். அது விலைக்குள் ஒளிந்திருக்கும். உதாரணத்துக்கு, 20 கிலோ மூட்டைக்கு ரொக்க விலையைவிட 4 ரிங்கிட் கூட என்று வைப்போம். ஒரு கிலோ மீனுக்கு ஒன்றரைக் கிலோ தீவனம் போனால் 30 சென் கூடுகிறது. மீனைச் சந்தை விலையைவிட 50 சென் குறைத்து எடுத்தால், கிலோவுக்கு 80 சென் போச்சு. ஒரு டன்னுக்கு 800 ரிங்கிட்! இதை விவசாயத்துக்குக் கடன் தரும் அக்ரோபேங்க் வங்கியின் வட்டியோடு ஒப்பிடுங்கள். சிறு தொழில்களுக்குக் கடன் தரும் அரசு நிறுவனமான தெக்குன் நேஷனலில் இந்தியத் தொழில்முனைவோருக்கு ஸ்புமி என்ற தனிக் கடன் திட்டமும் உண்டு, விசாரியுங்கள்.

அப்புறம், விலையை அறுவடை நாளில் பேசாதீர்கள். அன்றைய மொத்தச் சந்தை விலையில் இவ்வளவு குறைவு என்று முன்பே எழுதி வாங்குங்கள். மீன் செத்தால் கடன் யார் தலையில், எடை யார் தராசில் என்பதும் அதிலேயே இருக்கட்டும். முடிந்தால் ஒரு குளத்தையாவது ரொக்கத் தீவனத்தில் நடத்தி, வெளியே விற்கும் உரிமையைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.