மதர்போர்டைத் தூக்கிப் போடும் முன் ஒரு ரப்பர் வாங்குங்கள்

கேள்வி: ஐயா, வணக்கம். தங்கச்சிமடத்தில் கடற்கரையை ஒட்டி ஜெராக்ஸ், டைப்பிங் கடை வைத்திருக்கிறேன். உபுண்டு லினக்ஸ் போட்ட டெஸ்க்டாப். ஒரு மாதமாகக் காலையில் ஆன் செய்தால் ஃபேன் சுற்றுகிறது, பீப் பீப் என்று சத்தம் வருகிறது, திரை கறுப்பாகவே இருக்கிறது. மதியம் போட்டால் சில நாள் நன்றாக ஓடும், தேதி மட்டும் ஏதோ பழைய வருடத்தைக் காட்டும். நேற்று 'இனிட்ராம்எஃப்எஸ்' என்று ஒரு வரி வந்து அதோடு நின்றுவிட்டது. ரிப்பேர் பார்க்க வந்தவர் மதர்போர்டு போய்விட்டது, புதுசு வாங்குங்கள், லினக்ஸையும் எடுத்துவிடுங்கள் என்கிறார். ஆறு வருடக் கணக்கும் ஊர்க்காரர்களின் கல்யாண போட்டோக்களும் உள்ளே இருக்கின்றன. என்ன செய்வது?

பதில்: மதர்போர்டு போய்விட்டது என்று முடிவு கட்ட நீங்கள் எழுதியதில் ஒரு ஆதாரமும் இல்லை, அதனால் பணத்தை எடுத்து வைக்காதீர்கள். ஆனால் இன்று முதல் அதை ஆன், ஆஃப் என்று போட்டுப் பார்த்துக்கொண்டே இருப்பதை நிறுத்துங்கள். டிஸ்கில் கோளாறு இருந்தால் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டோக்களை இழப்பீர்கள்.

பீப் அடிக்கும் நேரத்தில் லினக்ஸ் இன்னும் எழுந்திருக்கவே இல்லை. பவர் வந்ததும் போர்டில் உள்ள பயாஸ் என்ற தொடக்க மென்பொருள், ரேம் இருக்கிறதா, டிஸ்ப்ளே இருக்கிறதா என்று பார்க்கிறது, ஏதாவது ஒன்று பதில் சொல்லாவிட்டால் பீப் அடித்து நின்றுவிடுகிறது. டிஸ்கில் உபுண்டு இருக்கிறதா வேறு எதுவும் இருக்கிறதா என்பது அதுவரை கணக்கிலேயே வராது. லினக்ஸை எடுத்துவிட்டு வேறு எதைப் போட்டாலும் அந்தச் சத்தம் போகாது.

காலையில் வராதது மதியம் வருகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் எனக்குப் பெரிய துப்பு. வீட்டு உப்பு ஜாடி மழைக்காலத்தில் கசிந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். கச்சான் காற்று அடித்தாலும் வாடைக் காற்று அடித்தாலும் உங்கள் பாம்பன் தீவில் கடல் பக்கம்தானே, அந்த உப்புத் தூசி ரேம் செருகும் இடத்தில் போய் உட்கார்ந்து, இரவில் ஈரமாகி, மதிய வெயிலில் காய்கிறது. பாம்பன் பழைய ரயில் பாலம் 1914-ல் திறந்ததிலிருந்து 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்தியது வரை துருவோடு போராடியே நின்றது. அவ்வளவு பெரிய இரும்புக்கே அந்தப் பாடு என்றால் ரேமின் மெல்லிய பற்களுக்குக் கேட்கவா வேண்டும்?

சரி, செய்ய வேண்டியது இது. பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்குங்கள், பவர் பட்டனை ஐந்தாறு விநாடி அழுத்தி உள்ளே மிச்சமிருக்கும் மின்சாரத்தைப் போக்குங்கள், கேபினெட்டின் இரும்பை ஒருமுறை தொட்டுவிட்டு ரேமைக் கழற்றுங்கள். பென்சில் அழிக்கும் வெள்ளை ரப்பரால் அந்தத் தங்க நிறப் பற்களை மெதுவாகத் தேய்த்து, ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்து நன்றாகக் காயவிடுங்கள். செருகும் பள்ளத்தை உலர்ந்த பிரஷால் தட்டிவிட்டால் போதும், ரப்பர் துகள் உள்ளே விழக்கூடாது. இரண்டு ரேம் இருந்தால் ஒன்றை மட்டும் போட்டுப் பாருங்கள், அப்புறம் மற்றதை, அப்புறம் பள்ளத்தை மாற்றி. எந்தச் சேர்க்கையில் பீப் வருகிறது என்று தாளில் குறித்துக்கொண்டே போங்கள்.

பழைய தேதிக்குக் காரணம் அநேகமாகப் போர்டில் உள்ள காசு போன்ற பேட்டரிதான், சிஆர் 2032 என்று கேட்டால் கடையில் தருவார்கள். அது தீர்ந்தால் தேதி மட்டுமல்ல, பயாஸில் வைத்த அமைப்புகளும் பழைய நிலைக்குப் போய்விடலாம். டிஸ்க் வேறு முறையில் இணைவதுபோல் ஆகி, லினக்ஸ் தன் டிஸ்கையே தேடிக் காணாமல் நிற்பதும் உண்டு. அதனால் பேட்டரியை மாற்றி, பயாஸுக்குள் போய் ஹார்ட் டிஸ்கின் பெயர் தெரிகிறதா என்று பாருங்கள். தெரியாவிட்டால் டிஸ்கையும் போர்டையும் இணைக்கும் சாட்டா கேபிளைக் கழற்றி மாட்டுங்கள், முடிந்தால் கேபிளையே மாற்றுங்கள்.

நேற்று வந்த 'இனிட்ராம்எஃப்எஸ்' வரி ஒருவகையில் நல்ல சேதி. அது வரை வந்தது என்றால் லினக்ஸின் உட்கருவான கெர்னல் டிஸ்கிலிருந்து ரேமுக்கு ஏறிவிட்டது, போர்டும் பிராசசரும் அந்த நேரத்தில் ஒழுங்காக வேலை செய்திருக்கின்றன. அதன்பின் உங்கள் கோப்புகள் உள்ள பகுதியைத் திறக்கத்தான் முடியவில்லை. கோப்பு அமைப்பைச் சரிசெய்யும் எஃப்எஸ்சிகே என்ற கட்டளையை ஓட்டச் சொல்லி அங்கே ஒரு அறிவுரை வந்தாலும் உடனே ஓட்டாதீர்கள். சாகும் டிஸ்கில் அதை ஓட்டித்தான் என் மகளின் சின்ன வயதுப் படங்களை இழந்தேன், இன்றும் மனசு ஆறவில்லை.

முதலில் உபுண்டு ஏற்றிய பென்டிரைவில் கம்ப்யூட்டரை எழுப்பி, இன்ஸ்டால் செய்யாமல் 'ட்ரை' என்பதை அழுத்துங்கள். டிஸ்க்ஸ் என்ற செயலியில் ஸ்மார்ட் விவரம், அதாவது டிஸ்க் தன் நலத்தைப் பற்றித் தானே வைத்திருக்கும் குறிப்பு, இருக்கும். அதன் மேலே டிஸ்க் நலம் என்று போட்டிருந்தாலும் நம்பிவிடாதீர்கள், மூன்று வரிகளைப் பாருங்கள். 5-ம் எண் கெட்டுப்போய் மாற்றப்பட்ட செக்டார், 197 படிக்க முடியாமல் காத்திருப்பவை. இவை ஏறிக்கொண்டே போனால் டிஸ்க் போகிறது. 199, அதாவது டிஸ்குக்கும் போர்டுக்கும் இடையே தகவல் போகும்போது வந்த பிழை, மட்டும் ஏறினால் பெரும்பாலும் கேபிள் அல்லது அதன் முனைதான். கேபிளை மாற்றினாலும் பழைய எண் குறையாது, மேலே ஏறுவது நிற்கிறதா என்று பார்க்க வேண்டும்.

டிஸ்க் சந்தேகம் என்றால் அதே அளவோ பெரிதாகவோ இன்னொரு டிஸ்க் வாங்கி, டிடிரெஸ்க்யூ என்ற மென்பொருள் கொண்டு முழுதாகப் பிரதி எடுங்கள். அது நன்றாக உள்ள இடங்களை முதலில் எடுத்துக்கொண்டு கெட்ட இடங்களுக்குக் கடைசியில் வரும். எதிலிருந்து எதற்கு என்பதை இரண்டு தடவை சரிபாருங்கள், மாறினால் எல்லாம் போச்சு. எஃப்எஸ்சிகே-யைப் பிரதியின் மேல்தான் ஓட்ட வேண்டும்.

கேள்வி: என் லினக்ஸ் கம்ப்யூட்டர் பூட் ஆகும்போது கெர்னல் பேனிக் என்று நிற்கிறது. அப்டேட் செய்ததாலா, ஹார்டுவேரா? (ஏர்வாடி வாசகர்)

பதில்: ஒவ்வொரு முறையும் அதே வரியில் நிற்கிறதா, வேறு வேறு இடத்தில் நிற்கிறதா? அதே இடம் என்றால் பூட் ஆகும் தொடக்கத்தில் வரும் க்ரப் மெனுவில் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' போய்ப் பழைய கெர்னலைத் தேர்ந்தெடுங்கள், வந்துவிட்டால் அப்டேட்தான். இடம் மாறிக்கொண்டே இருந்தால் ரேம், சூடு, பவர் சப்ளை மூன்றையும் சந்தேகப்படுங்கள். ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 பிளஸை ஒரு ராத்திரி முழுக்க ஓடவிடுங்கள், சிவப்பில் ஒரே ஒரு பிழை வந்தாலும் அந்த ரேமை நம்பக்கூடாது. பயாஸில் 12 வோல்ட் என்பது 11.4-க்குக் கீழே காட்டினால் மல்டிமீட்டர் வைத்தும் பார்த்து, பவர் சப்ளையை மாற்றுங்கள். அதைப் பிரித்துப் பார்க்க வேண்டாம், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே ஷாக் அடிக்கும்.

கேள்வி: உப்பிலிருந்து காப்பாற்றக் கம்ப்யூட்டரைப் பிளாஸ்டிக் உறை போட்டு மூடி வைக்கலாமா? (மண்டபம் வாசகர்)

பதில்: ஓடும்போது மூடினால் சூட்டில் கெடும், ஆஃப் செய்த பின் துணி போதும். கடலைப் பார்த்த ஜன்னலிலிருந்து தள்ளி வையுங்கள். வாரக்கணக்கில் அணைத்துப் போடாதீர்கள், தினமும் ஒரு மணி நேரமாவது ஓடினால் உள்ளே வெதுவெதுப்பாகி ஈரம் தங்காது. பேக்கப் டிஸ்கை மட்டும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு இறுக்கமான டப்பாவில் போட்டு, கம்ப்யூட்டர் இருக்கும் அறையில் வைக்காமல் வேறு அறையில் வையுங்கள்.