அலைக்காட்டி: புரோப்பில் தொடங்கும் சந்தேகங்கள்

மின் சிக்னலின் வடிவத்தைத் திரையில் வரைந்து காட்டும் கருவி அலைக்காட்டி (ஆசிலோஸ்கோப்); சர்க்யூட்டைத் தொட்டு அதை உள்ளே கொண்டுவரும் முனையும் கேபிளும் புரோப். இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை "என் அலைக்காட்டி பழுதா?" என்றே முடிகின்றன. படித்துப் பார்த்தவரையில் ஒன்றுகூடப் பழுதில்லை. கோளாறு புரோப்பில் இருக்கிறது, அல்லது அதைப் பிடித்திருக்கும் விதத்தில். ஆபத்தான கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: மொபைல் சார்ஜரைத் திறந்து, மின் இணைப்புப் பக்கத்தில் டிரான்சிஸ்டர் ஸ்விட்ச் ஆவதைப் பார்க்க விரும்புகிறேன். அலைக்காட்டியின் பிளக்கில் எர்த் முள்ளை எடுத்துவிட்டால் போதும் என்கிறார் நண்பர். சரியா?

சரியில்லை. அந்த முள்ளைத் தொடாதீர்கள்.

புரோப்பின் கறுப்புக் கிளிப்பை மல்டிமீட்டரின் கறுப்பு ஒயர் போல நினைப்பதில்தான் சிக்கல். மல்டிமீட்டர் எதோடும் ஒட்டாமல் தனித்து நிற்கும் கருவி. அலைக்காட்டி அப்படியல்ல: கறுப்புக் கிளிப், கேபிள் நுழையும் உலோக வளையம், கருவியின் உடல், பிளக்கின் எர்த் முள் எல்லாம் ஒரே கம்பி. நான்கு சேனல் இருந்தால் நான்கு கிளிப்பும் ஒன்றுதான். சார்ஜரில் ஏசியை டிசியாக்கும் நான்கு டையோடு அமைப்பான பிரிட்ஜ் ரெக்டிஃபையருக்குப் பின் வரும் 'மைனஸ்' முனை எர்த் மட்டத்தில் இருப்பதில்லை. கிளிப்பை அங்கே மாட்டியதும் மின்சாரம் டையோடு வழியாக, கிளிப் வழியாக, உங்கள் கருவியின் உடல் வழியாக எர்த்துக்குப் பாயும். பல வருடங்களுக்கு முன் ஒரு விளக்கு டிம்மரில் நானே இதைச் செய்திருக்கிறேன். ஒரு வெடிச்சத்தம், அறை முழுக்க இருட்டு. அந்தக் கிளிப்பில் ஒரு பல் இன்றும் இல்லை.

முள்ளை எடுத்துவிட்டால் வெடிக்காது, உண்மைதான். அதற்குப் பதிலாக அலைக்காட்டியின் உலோகப் பாகங்கள் எல்லாம் மின் இணைப்பின் மட்டத்துக்கு ஏறி, உங்கள் விரலுக்காகக் காத்திருக்கும். இந்த வேலைக்கு என்றே டிஃபரென்ஷியல் புரோப் இருக்கிறது; எர்த்தை நம்பாமல் இரண்டு முனைகளுக்கு இடையிலான வித்தியாசத்தை மட்டும் அளக்கும். ஐசொலேஷன் டிரான்ஸ்பார்மர் (மின் இணைப்பை எர்த்திலிருந்து பிரித்துத் தருவது) வைத்திருப்பவர்கள் அதைச் சோதிக்கப்படும் சார்ஜருக்குப் போட வேண்டும், அலைக்காட்டிக்கு அல்ல. அப்போதும் கிளிப்பை மாட்டிய கணத்தில் அந்த முனை எர்த் ஆகிவிடுகிறது, தனிமைப்படுத்திய பாதுகாப்பில் பாதி போய்விடுகிறது. புதிதாகக் கற்பவருக்கு என் யோசனை: சார்ஜரின் வெளியீட்டுப் பக்கத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அங்கேயே பார்க்க நிறைய இருக்கிறது.

பேட்டரியில் ஓடும் சர்க்யூட்டில் இந்தக் கவலை இல்லை. ஆனால் அதே போர்டை யுஎஸ்பி கேபிளில் மேசைக் கணினியோடு இணைத்திருந்தால், அதன் கிரவுண்டும் பெரும்பாலும் எர்த்தோடு சேர்ந்திருக்கும். கிளிப்பை 5 வோல்ட் லைனில் தவறி மாட்டினால் அது ஷார்ட் சர்க்யூட்தான்.

கேள்வி: 5 வோல்ட் சிக்னலை அலைக்காட்டி 50 வோல்ட் என்று காட்டுகிறது.

புரோப்பின் கைப்பிடியில் ஒரு சிறிய ஸ்விட்ச் இருக்கும். 1எக்ஸ் என்றால் சிக்னல் அப்படியே போகும், 10எக்ஸ் என்றால் பத்தில் ஒரு பங்காகக் குறைந்து போகும். உங்களுடையது 1எக்ஸில் இருக்கிறது. திரையின் சேனல் மெனுவோ 10எக்ஸ் என்று நினைத்து, வந்ததைப் பத்தால் பெருக்கிக்கொண்டிருக்கிறது. இரண்டையும் ஒன்றாக்குங்கள்.

எதில் வைப்பது என்றால், 10எக்ஸில் வைத்துவிட்டு மறந்துவிடுங்கள். 1எக்ஸில் கேபிளின் மின்தேக்குத் திறன் முழுவதும், ஏறக்குறைய 100 பிகோஃபாரட், உங்கள் சர்க்யூட்டின் தலையில் ஏறும். 6 மெகாஹெர்ட்ஸ் அளவிலேயே புரோப் திணறத் தொடங்கிவிடும். 10எக்ஸில் முனையில் 9 மெகா ஓம் தடை குறுக்கிடுவதால் சுமை 15 பிகோஃபாரட் அளவுக்குக் குறைகிறது. மில்லிவோல்ட் கணக்கில் மிகச் சிறிய, மெதுவான சிக்னல் பார்க்கும்போது மட்டும் 1எக்ஸ் போதும்.

10எக்ஸுக்கு ஒரு கடமை உண்டு. கருவியின் முகப்பில் ஒரு சிறிய உலோகக் கொக்கி 1 கிலோஹெர்ட்ஸ் சதுர அலை தரும். புரோப்பை அதில் மாட்டி அலையின் மேல் மூலையைப் பாருங்கள். மூலை தேய்ந்து உருண்டிருக்கிறதா, கொம்பு முளைத்தது போல நீட்டிக்கொண்டிருக்கிறதா? புரோப்பில் உள்ள சிறிய திருகை பிளாஸ்டிக் திருப்புளியால் மெல்லத் திருப்பி, மேல்விளிம்பு தட்டையாகும் இடத்தில் நிறுத்துங்கள். இரும்புத் திருப்புளி வைத்தால் அதை எடுத்ததும் வடிவம் மாறிவிடும். புரோப்பை வேறு சேனலுக்கு மாற்றினால் மறுபடி பாருங்கள்.

கேள்வி: மைக்ரோகண்ட்ரோலரிலிருந்து வரும் சதுர அலையின் ஒவ்வொரு விளிம்பிலும் நடுக்கம் தெரிகிறது. கெப்பாசிட்டர் போட்டும் போகவில்லை.

கெப்பாசிட்டரைக் கழற்றிவிடுங்கள், பாவம், அது என்ன செய்யும். நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் உங்கள் கிரவுண்ட் ஒயரை.

கறுப்புக் கிளிப்பின் ஒயர் ஏறக்குறைய 15 சென்டிமீட்டர் நீளம். அதன் தூண்டல் (இண்டக்டன்ஸ்) ஒரு மில்லிமீட்டருக்கு ஒரு நானோஹென்றி என்று தோராயமாக வைத்தால் 150 நானோஹென்றி. புரோப்பின் முனையில் 15 பிகோஃபாரட். இரண்டும் சேர்ந்தால் 100 மெகாஹெர்ட்ஸ் பக்கத்தில் அதிரும் ஒரு சர்க்யூட். சில நானோசெகண்டில் எழும் விளிம்பு அதை மணி அடிப்பது போல அடித்துவிடுகிறது.

சோதித்துப் பாருங்கள். புரோப்பின் கொக்கி மூடியை இழுத்துக் கழற்றினால் உள்ளே ஊசிமுனையும், அதைச் சுற்றி ஒரு உலோக வளையமும் இருக்கும். புரோப்போடு வந்த பையில் பேனா ஸ்பிரிங் போன்ற ஒன்று கிடக்குமே, பலரும் எதற்கென்று தெரியாமல் தூர வைக்கும் பொருள், அதை அந்த வளையத்தில் செருகுங்கள். ஸ்பிரிங்கின் கால் போர்டின் கிரவுண்டைத் தொட, ஊசிமுனை சிப்பின் காலைத் தொட வேண்டும். ஸ்பிரிங் இல்லையென்றால் ஒரு சென்டிமீட்டர் கம்பியைச் சுற்றிக்கொண்டாலும் நடக்கும். நடுக்கம் காணாமல் போனால் அது சர்க்யூட்டில் இருந்ததே இல்லை. மிச்சம் கொஞ்சம் இருந்தால் அது உங்களுடையது. சிப்பின் காலருகே 33 ஓம் போலச் சிறிய தடையைத் தொடராகச் சேர்த்துப் பாருங்கள்.

கேள்வி: 1 மெகாஹெர்ட்ஸ் கிளாக்கைப் பார்த்தால் சில நேரம் 4 ஹெர்ட்ஸ் அளவில் சோம்பலாக நகரும் அலை வருகிறது. இது எப்படி?

நேரக் குமிழை மிக மெதுவான நிலைக்குத் திருப்பியிருக்கிறீர்கள். பெட்டியில் 'நொடிக்கு நூறு கோடி மாதிரி' என்று அச்சிட்டிருப்பது உச்ச வேகம், எப்போதும் கிடைப்பதல்ல. உண்மையான வேகத்தை நினைவகம் தீர்மானிக்கிறது. ஒரு கட்டத்துக்கு 100 மில்லிசெகண்ட், 12 கட்டம் என்றால் திரையில் 1.2 நொடி. நினைவகத்தில் 12,000 புள்ளிக்குத்தான் இடம் என்றால் நொடிக்கு 10,000 மாதிரிதான் எடுக்க முடியும். உங்கள் கிளாக் அதற்குச் சரியாக 100 மடங்கு. ஆகவே ஒவ்வொரு மாதிரியும் அலையின் ஏறக்குறைய அதே இடத்தில் விழுகிறது. உங்கள் கிளாக்கிலும் அலைக்காட்டியிலும் நேரத்தைத் தரும் இரண்டு கிரிஸ்டல்களுக்கும் இடையே பத்து லட்சத்தில் 4 பங்கு வித்தியாசம் இருந்தால் போதும், திரையில் 4 ஹெர்ட்ஸில் ஒரு போலி அலை ஊரும்.

குமிழை ஒரு படி திருப்பியதும் அலையின் அதிர்வெண் மாறினால் அது போலி. உண்மையான சிக்னல் அகலமாகலாம், சுருங்கலாம், அதிர்வெண்ணை மாற்றிக்கொள்ளாது.

கேள்வி: மல்டிமீட்டர் 3.30 வோல்ட், அலைக்காட்டி 3.38 வோல்ட். எதை நம்புவது?

மல்டிமீட்டரை. சாதாரண அலைக்காட்டி 8 பிட், அதாவது உயரத்தை 256 படிகளாகத்தான் பார்க்கிறது. 3 சதவீதம் வரை பிழை அதற்கு இயல்பு. அது வடிவத்துக்கான கருவி.

கேள்வி: 50 மெகாஹெர்ட்ஸ் வாங்கலாமா, 100 மெகாஹெர்ட்ஸ் வேண்டுமா?

கருவியின் மேல் அச்சிட்டிருக்கும் அந்த அதிர்வெண்ணில் சிக்னல் 70.7 சதவீத உயரத்துக்குக் குறைந்துவிடும் என்பதே பொருள். அதுவரை துல்லியம் என்பதல்ல. சதுர அலை என்பது ஒரு சைன் அலையும் அதன் மூன்று, ஐந்து, ஏழு மடங்குகளும் சேர்ந்தது; 16 மெகாஹெர்ட்ஸ் சதுர அலையின் மூன்றாம் மடங்கு 48. ஆகவே 50 மெகாஹெர்ட்ஸ் கருவியில் அது உருண்டு, சைன் அலைக்குக் கிட்டத்தட்ட உறவுக்காரனாகத் தெரியும். ஆடியோ, பவர் சப்ளை, சீரியல் தொடர்பு என்றால் 50 தாராளம். விலையில் பெரிய வித்தியாசம் இல்லையென்றால் 100 வாங்குங்கள்.

கேள்வி: கிரிஸ்டலின் காலில் புரோப்பை வைத்ததும் மைக்ரோகண்ட்ரோலர் நின்றுவிடுகிறது.

அங்கே இருப்பதே 22 பிகோஃபாரட் போன்ற சின்னக் கெப்பாசிட்டர். நீங்கள் 15-ஐக் கொண்டுபோய்ச் சேர்த்தால் ஆட்டம் நின்றுவிடலாம். 1எக்ஸ் என்றால் கேட்கவே வேண்டாம். ஒரு டைமரை ஓடவிட்டு அதன் வெளியீட்டுக் காலில் அளந்து, கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: 'ஆட்டோ' பொத்தானை அழுத்தினால் எல்லாம் வருகிறது. ஆனால் புஷ் பட்டன் அழுத்தும்போது அதன் தொடுமுனைகள் சேர்ந்தும் பிரிந்தும் தரும் துள்ளலை மட்டும் பிடிக்க முடியவில்லை.

ஆட்டோ பொத்தான் திரும்பத் திரும்ப வரும் சிக்னலைத் தேடிப் பிடிக்கும். உங்கள் பட்டன் ஒருமுறைதான் பேசும். இங்கே டிரிக்கரை, அதாவது எந்த நிகழ்வு வந்ததும் படம் பிடிக்க வேண்டும் என்ற நிபந்தனையை, நீங்களே அமைக்க வேண்டும். அலைக்காட்டியைக் கற்றுக்கொள்வது உண்மையில் இந்த இடத்தில்தான் தொடங்குகிறது.

பட்டனை 10 கிலோ ஓம் தடை வழியே 5 வோல்ட்டோடு இணைத்திருப்பதாக வைத்துக்கொள்வோம்; அழுத்தினால் பூஜ்யத்துக்கு இறங்கும். ஒரு கட்டத்துக்கு 1 வோல்ட், 1 மில்லிசெகண்ட், டிசி இணைப்பு. டிரிக்கர் இறங்கும் விளிம்பில், மட்டம் 2.5 வோல்ட்டில். டிரிக்கர் முறை மூன்று: 'ஆட்டோ' (மேலே சொன்ன பொத்தான் அல்ல) ஒன்றும் நடக்காவிட்டாலும் வரைந்துகொண்டே இருக்கும், 'நார்மல்' நிகழ்வு வந்தால்தான் வரையும், 'சிங்கிள்' ஒருமுறை பிடித்து அப்படியே உறைந்துவிடும். மூன்றாவதைத் தேர்ந்தெடுத்து, டிரிக்கர் புள்ளியைத் திரையின் இடது ஓரத்திலிருந்து இரண்டு கட்டம் தள்ளி வையுங்கள். டிரிக்கருக்கு முன் நடந்ததையும் டிஜிட்டல் கருவி நினைவில் வைத்திருக்கும். பழைய அனலாக் கருவிகளிடம் இல்லாத பெரிய வசதி இது.

இப்போது பட்டனை அழுத்துங்கள். 5 வோல்ட்டில் நேர்கோடு, செங்குத்தாக ஒரு சரிவு, பிறகு பூஜ்யத்துக்கும் ஐந்துக்கும் இடையே ஒழுங்கில்லாத சில குத்துகள், கடைசியில் அமைதி. குத்துகள் எத்தனை மில்லிசெகண்ட் நீள்கின்றன என்று கர்சரால் அளந்து, உங்கள் நிரலில் வைக்கும் காத்திருப்பு நேரத்தை அதைவிடக் கூடுதலாக வையுங்கள். ஒரு அளவோடு நிறுத்தாமல் இருபது முறையாவது அழுத்திப் பாருங்கள், மெதுவாகவும் வேகமாகவும். ஒவ்வொரு முறைக்கும் முன் 'சிங்கிள்' பொத்தானைத் திரும்ப அழுத்த வேண்டும். இல்லாவிட்டால் பழைய படத்தையே பார்த்துக்கொண்டிருப்பீர்கள்.