முண்டா ஏறவில்லை, பலம் எப்படி ஏறியது?

வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார் சேலத்தைச் சேர்ந்த ஓய்வுபெற்ற இயன்முறை சிகிச்சையாளர்.

கேள்வி: ஐந்து வாரமாக ஜிம்முக்குப் போகிறேன். முதல் நாள் 5 கிலோ டம்பெல்லுக்கே கை உதறியது. இப்போது 8 கிலோ தூக்குகிறேன். ஆனால் கையின் சுற்றளவு டேப்பில் அப்படியே நிற்கிறது. பவுடர் வாங்கிக் குடி என்கிறார்கள். வாங்கலாமா?
– வாசகர், அஸ்தம்பட்டி

பவுடரைக் கடையிலேயே விட்டுவிடுங்கள். டேப்பையும் இரண்டு மாதத்துக்குப் பெட்டியில் வையுங்கள்.

என் அப்பா சேலம் குகைப் பகுதியில் குழித்தறி (குழிக்குள் காலை விட்டு மிதிக்கும் கைத்தறி) நெய்தவர். புதிதாக வேலை பழக வந்த பையன் ஒருவன் முதல் வாரம் இரண்டு மிதியையும் சேர்த்தே அழுத்துவான். தொடை விறைத்துக்கொள்ளும், குறுக்கு நூலைக் கொண்டுபோகும் நாடா பாதியில் சிக்கும். "வேலை இல்லாத காலைச் சும்மா விடுடா" என்பார் அப்பா. ஒரு மாதத்தில் ஒரு கால் அழுத்தும்போது மற்றது தொளதொளவென்று தொங்கியது. அவன் தொடை ஒரு விரற்கடைகூடப் பெருக்கவில்லை.

உங்கள் கையிலும் நடந்தது அதுதான். தண்டுவடத்திலிருந்து கிளம்பும் ஒவ்வொரு நரம்பு செல்லும் ஒரு கொத்துத் தசைநாரை ஆள்கிறது. பழகாத உடம்பால் அந்தக் கொத்துகளை முழு வேகத்தில் வேலை வாங்க முடியாது. போதாக்குறைக்கு, மடக்க வேண்டிய கையை நீட்டும் தசையும் எதிர்ப்பக்கம் இழுக்கும். பயிற்சி செய்யச் செய்ய நரம்பு செல்கள் சீக்கிரமே விழித்து, அடுத்தடுத்து வேகமாகக் கட்டளை அனுப்புகின்றன. 1979-இல் மொரிடானி, டிவ்ரீஸ் என்ற ஆய்வாளர்கள் இருவர் எட்டு வாரப் பயிற்சியை அளந்து பார்த்துச் சொன்னதும் இதுவே: தொடக்கத்தில் கூடும் பலத்தில் பெரும்பங்கு நரம்பினுடையது, சதை பிறகுதான் வரும். முட்டையும் சுண்டலும் சாப்பிட்டுக்கொண்டு பொறுமையாக இருங்கள்.

கேள்வி: எனக்கு வயது 61. காபித் தோட்டத்தில் மேஸ்திரியாக இருந்தேன். போன மழையில் சில்வர் ஓக் சருகில் வழுக்கிக் கணுக்கால் பிசகியது. தினமும் ஒற்றைக் காலில் நிற்கச் சொல்கிறார்கள். மலையேறிய கால் இது, பலத்துக்குக் குறைவில்லை. பிறகு எதற்கு இந்தத் தவம்?
– வாசகர், ஏற்காடு

ஐயா, பலம் வேறு, பதில் சொல்லும் விதம் வேறு.

கட்டிலில் காலைத் தொங்கவிட்டு உட்காருங்கள். முழங்கால் சில்லுக்குக் கீழே பேரனை விட்டுக் கையின் விளிம்பால் மெதுவாகத் தட்டச் சொல்லுங்கள். கால் துள்ளும். தசை இழுபட்ட சேதி தண்டுவடம் வரை போய், மூளையைக் கேட்காமலே திரும்பிவிடுகிறது. இப்போது இரண்டு கை விரல்களையும் கொக்கிபோல் மாட்டி, பலமாக இழுத்துப் பிடித்தபடி மறுபடி தட்டச் சொல்லுங்கள். துள்ளல் கூடும். ஹங்கேரி மருத்துவர் யெண்ட்ராசிக் பத்தொன்பதாம் நூற்றாண்டில் காட்டிய வித்தை இது. தட்டியது அதே தட்டுதான். தானாக நடக்கும் இந்தத் துள்ளலின், அதாவது அனிச்சையின், அளவு மட்டும் மாறிவிட்டது.

பயிற்சியும் அந்த அளவை மாற்றும், அதுவும் நீடித்து. 1993-இல் டென்மார்க்கில் ஆய்வாளர்கள் பார்த்தபோது, நுனிக்காலில் நிற்கும் பாலே நடனக்காரர்களின் கெண்டைக்கால் அனிச்சை மற்ற விளையாட்டு வீரர்களுடையதைவிடச் சிறிதாக இருந்தது. சில வாரம் சமநிலைப் பயிற்சி செய்த சாதாரண மனிதர்களிடமும் அது குறைவதைப் பார்த்திருக்கிறார்கள். குறைவது நல்லதா என்பீர்கள். ஒவ்வொரு சிறு ஆட்டத்துக்கும் கெண்டைக்கால் வெடுக்கென்று இழுத்தால் ஆட்டம் கூடத்தான் செய்யும். அதை அடக்கிவிட்டு மூளை கடிவாளத்தைப் பிடித்துக்கொள்கிறது என்று விளக்குகிறார்கள்.

எனக்கும் கணுக்கால் பிசகியிருக்கிறது. சமையல் மேடையை ஒரு விரலால் தொட்டுக்கொண்டு, பால் பொங்கும் வரை ஒற்றைக் காலில் நிற்பேன். முதல் வாரம் பாதம் மீன்போலத் துடித்தது. மூன்றாம் வாரம் அடங்கியது. தலைசுற்றல் இருந்தால் மட்டும் தனியாகச் செய்யாதீர்கள்.

கேள்வி: இடது மணிக்கட்டில் மாவுக்கட்டு. வலது கைக்கு மட்டும் பயிற்சி செய்தால் பயன் உண்டா?
– வாசகி, அம்மாபேட்டை

உண்டு. 1894-இலேயே அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் ஸ்க்ரிப்சர் இதைக் கவனித்து எழுதியிருக்கிறார்: ஒரு கையைப் பழக்கினால், பழக்காத கைக்கும் கொஞ்சம் பலம் கூடுகிறது. வலது கையால் ரப்பர் பந்தை அழுத்துங்கள். இடது கை விரல்களை டாக்டர் அனுமதித்த அளவு அசையுங்கள். கட்டுக்குள் பென்சில் விட்டுச் சொறிய வேண்டாம்.